தண்ணி வரும்

மேற்கேயிருந்து கச்சான் காற்று பிடித்துவிட்டால் எங்கள் காயல் வீட்டைக் காலிசெய்துகொண்டு போய்விடும். காலையில் துறைக்கால்களில் மார்பளவு நின்ற தண்ணீர் மத்தியானத்துக்குள் கணுக்காலுக்கு இறங்கும். அதற்கப்புறம் வெளித்திட்டு வரைக்கும் சேறு, பாசி, நண்டு ஓடு, யாரோ எப்போதோ தொலைத்த நங்கூரம். கடலிலிருந்து வாடை திரும்பினால் எல்லாம் மறுபடி மூடிக்கொள்ளும். நிலவைப் பார்த்து ஏற்றம் வற்றம் சொல்கிற ஊர்கள் இருக்கின்றனவாம். கரோலினா கரையில் எங்கள் பைனர் குடாவில் நிலவுக்கும் தண்ணீருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காற்று கொண்டுவரும், காற்று கொண்டுபோகும்.

ஆகவே படகு தரைதட்டினால் நாங்கள் இறங்கித் தள்ளுவதில்லை. நார்ஃபோக்கிலிருந்து வருகிறவர்கள் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். அந்தச் சேற்றில் அவர்கள் ஒருமுறை புதைந்து பார்க்கட்டும். தரைதட்டினவன் வலையின்மேல் சாய்ந்துகொள்வான். கட்டிக்கொண்டுபோன பிஸ்கட்டையும் உப்புப் பன்றியிறைச்சியையும் தின்பான். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவான். கரையிலிருந்து யாராவது கத்தினால் கையை ஆட்டி, "உக்காந்திருக்கேன், தண்ணி வரும்" என்பான். போகப்போக அது எல்லாவற்றுக்கும் சொல்கிற பேச்சாகிவிட்டது. மாப்பிள்ளை சர்ச்சுக்கு வரத் தாமதமா? உக்காரு, தண்ணி வரும். எனக்கு மூத்தவன் பிறக்காமல் இழுத்தடித்தபோது என் கணவர் ஓடெல் கதவோரம் நின்று அதைத்தான் சொன்னார். நான் எதை எடுத்து வீசினேன் என்பது இங்கே வேண்டாம்.

மேஜர் ஹார்லன் ஸ்டைரன் முன்னால் மட்டும் அதை யாரும் சொல்லமாட்டோம். காரணம் தெரிந்து அல்ல. சொன்னால் அவர் முகம் சுண்ணாம்பாகிவிடும், தட்டில் பாதிச் சாப்பாடு இருந்தாலும் எழுந்து போய்விடுவார். ஏதோ பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டோம்.

மேஜர் எங்களில் ஒருவர்தான். அவர் அப்பா மடவை மீன் பிடித்தவர், தாத்தா மடவை பிடித்தவர். பள்ளிக்கூட வாத்தியார் விடாப்பிடியாக நின்றதால் எங்கள் குடாவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர். அங்கிருந்தே மரீன் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். கடற்படைக்காரன் கப்பலிலேயே நின்றுகொள்வான், மரீன் தண்ணீரில் இறங்கிக் கரைக்கு நடக்கவேண்டும். அதுதான் இரண்டுக்கும் வித்தியாசம் என்று ஓடெல் சொல்வார். ஜப்பான்காரனோடு நடந்த சண்டையில் ஹார்லன் ஏதோ ஒரு பவளத் தீவில் இறங்கினார். ரேடியோ சொன்ன பெயர் எங்கள் ஒருத்தர் வாயிலும் நுழையவில்லை. அங்கே காட்டிய வீரத்துக்கு மெடல் கொடுத்தார்கள். பிறகு கொரியாவுக்குப் போய்ப் பனியில் கால்விரல்களைக் கொடுத்துவிட்டு வந்தார். கடைசி வருஷங்களில் பக்கத்து முகாமில், படகிலிருந்து எப்படி இறங்குவது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் அப்பாவின் வலையை எடுத்து ஒட்டுப்போட ஆரம்பித்தார். எங்கள் ஊரில் ஓட்டைப் படகு வைத்திருப்பவன்கூட கேப்டன். அதனால் அவர் மேஜராகித் திரும்பிவந்தது நல்லதாகப் போயிற்று, இல்லாவிட்டால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டோம்.

அவர் மனைவி லியோட்டா என்னைவிட இளையவள், பக்கத்து வீடு. எங்கள் மீன் கொட்டகையில் என்னோடு மேசைக்கு நிற்பவள். பிள்ளை இல்லை. அவளுக்குக் கில்பி என்று ஒரு தம்பி இருந்தான். போரில் மேஜரின் படகிலேயே இருந்து, அந்தத் தீவிலேயே செத்துப்போனான். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூப்பாடு உண்டு. சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் துறையில் நின்று தண்ணீர்மேல் அதை வீசினால், எத்தனை படகு இருந்தாலும் அந்தந்த வீட்டு ஆள் மட்டும் துடுப்பை நிறுத்துவான். லியோட்டா பிறந்த வீட்டுக் கூப்பாடு நீளமாக ஏறிப்போய், கடைசியில் படி தவறி விழுந்ததுபோல் சட்டென்று இறங்கும். சின்ன வயதில் கில்பியைக் கூப்பிட்டே அவள் தொண்டை அப்படிக் கனத்தது. தந்தி வந்த நாளோடு அவள் அதை விட்டுவிட்டாள். கணவரைக் கூப்பிட வேண்டுமானால் தகரத்தட்டைத் தட்டுவாள்.

திரும்பிவந்த முதல் வருஷமே மேஜருக்கு அது தொடங்கிவிட்டது. கச்சான் வீசித் தண்ணீர் விலகியதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு, பூட்ஸோடு, போட்ட உடுப்போடு திட்டைப் பார்த்து நடப்பார். முழங்கால் தண்ணீரில் ஓரிடத்தில் நிற்பார். குனிந்து ஏதோ சொல்வார். பதிலைக் கேட்பதுபோல் தலையைச் சாய்ப்பார். மறுபடி சொல்வார். லியோட்டா காய்ந்த கால்சட்டை ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டு, அவர் வரும்வரைக்கும் துறையோரத்தில் நிற்பாள். முதலில் ஊர் சிரித்தது. அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அவர் பேசுவதுகூடப் பரவாயில்லை. ஒருத்தருமில்லாத இடத்தில் அவர் தலையைச் சாய்த்துக் கேட்பாரே, அதைப் பார்க்கமாட்டாமல் நான் கொட்டகைக்குள் போய்விடுவேன்.

நான் சொல்ல வந்தது மடவைக் காலத்தில் நடந்தது. இலையுதிர்காலத்து முதல் குளிர்காற்றில் மடவை சினையோடு கூட்டம் கூட்டமாகக் காயலை விட்டுக் கடலுக்கு ஓடும். அந்த நாட்களில் எங்கள் கொட்டகையில் நிற்க இடம் இருக்காது. வயிற்றைக் கீறி, இரட்டைச் சினையைக் கிழியாமல் எடுத்து, உப்பில் புரட்டி, பலகைக்கு அடியில் அமுக்கி வெயிலில் வைக்கவேண்டும். கிழிந்த சினை எங்கள் அடுப்புக்குப் போகும். அன்றைக்கு மேசையில் நான், லியோட்டா, எதிரே ஒரு பெட்டியின்மேல் துணி விரித்து அவள் அக்கா ஆல்மா. ஆல்மா நார்ஃபோக்கில் வாழ்க்கைப்பட்டவள். கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கத்தி சும்மாதான் கிடக்கு" என்று அவள் பக்கம் தள்ளினேன்.

"எனக்கு இதெல்லாம் மறந்துபோச்சு வெஸ்டா."

"தின்னுறது மறக்கலையே. காலைல வறுத்த சினையை வழிச்சு வழிச்சுத் தின்னியே."

"உன் வாய் மட்டும் அப்படியே இருக்கு." அவள் தங்கச்சி பக்கம் திரும்பினாள். "நான் இந்த முறை வெறுங்கையோட போகமாட்டேன் லியோட்டா. ஆஸ்பத்திரில பேசியாச்சு. மரம், தோட்டம்னு நல்ல இடம். அவரை மாதிரியே படையில இருந்தவங்கதான் எல்லாரும். நாளைக்கு என் வீட்டுக்காரர் கார் எடுத்துக்கிட்டு வர்றார்."

"இன்னொரு தடவை தண்ணிக்குள்ள போனார்னா அனுப்பறேன்னுதானே சொன்னேன்? இன்னும் போகலையே."

"காத்து எங்கேர்ந்து அடிக்குதுன்னு பாரு."

நான் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. உப்பு மூட்டையின் வாய் கிழக்குப் பக்கம் படபடத்துக்கொண்டிருந்தது. கச்சான்தான். துறைக்கால்களில் ஈரக்கோடு ஏற்கெனவே ஒரு முழம் மேலே தெரிந்தது. துறை நுனியில் மேஜர் வலைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார். முதுகு எங்கள் பக்கம். ஊசி ஒரே சீராகப் போய்வந்தது.

"போன தடவை என்ன ஆச்சு?" ஆல்மா விடவில்லை. "சொல்லு, வெஸ்டாவும் இருக்கா."

லியோட்டா கத்தியைத் துடைத்தாள். "வாடை திரும்பி தண்ணி ஏறுது. அவர் நின்ன இடத்துலயே நிக்கறார். கழுத்துக்கு வந்துடுச்சு. நான் தட்டைத் தட்டறேன், கத்தறேன், காதுலயே விழல. ஓடெல் அண்ணன் போய் சட்டையைப் பிடிச்சு இழுத்துப் போட்டுக்கிட்டு வந்தார்."

"அப்புறம்? ஒருநாள் ஓடெல் ஊர்ல இல்லன்னா? புருஷனைத் தண்ணில தேடுவியா? கில்பி போயிட்டான், அது பெரிய வயித்தெரிச்சல்தான். எனக்கும் தம்பிதானே அவன்? ஆனா இவரா கொன்னார்? இறங்கின உடனே போயிட்டான், வலியே தெரியலன்னு இவரே வந்து சொன்னார். பத்து வருஷம் தாண்டியாச்சு. இன்னும் என்ன?"

"நான்தான் சொன்னேன்க்கா." லியோட்டா தலை நிமிரவில்லை. "லீவுல வந்திருந்தப்போ சொன்னேன். 'கில்பியை வேற எங்கயும் விடாதீங்க, உங்க கண்ணுல படற மாதிரி வச்சுக்கோங்க'ன்னு. யார் யார்கிட்டயோ கெஞ்சி இவர் தன்னோட சேர்த்துக்கிட்டார். அதனாலதான் இவருக்கு இப்படி ஆகுதோன்னு எனக்கு. இவரை அனுப்பிட்டு நான் அந்த வீட்டுல எப்படிப் படுப்பேன்?"

அவள் கையில் ஒரு சினை கிழிந்தது. லியோட்டா கையில் சினை கிழிந்து நான் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது. உப்புத்தான் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். மடவைத் தலையும் உருளைக்கிழங்கும் வெந்துகொண்டிருந்த சட்டியில் சோளமாவு உருண்டைகளைத் தட்டிப் போட்டேன். அது மேலே மிதந்து வரும் நேரத்துக்கு ஓடெல் வந்துவிடவேண்டும்.

ஓடெல் வந்தார். எப்படி வரக்கூடாதோ அப்படி. படகு விளிம்பு வரை மடவையை ஏற்றிக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த தண்ணீரோடு போட்டிபோட்டு, துறைக்கு ஒரு கல்லெறி தூரத்தில் தரைதட்டி நின்றார். படகு லேசாகச் சாய்ந்து சேற்றில் அமர்ந்துகொண்டது. என் வீட்டுக்காரருக்கு அதில் ஒரு வெட்கமும் கிடையாது. எழுந்து நின்று தொப்பியை ஆட்டினார்.

"வெஸ்டா! எனக்காக அடுப்பு எரியவேண்டாம்! உக்காந்திருக்கேன், தண்ணி வரும்!"

சொல்லிவிட்டு உட்கார்ந்து, மதிய டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார்.

வலை ஊசி பலகையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. மேஜர் எழுந்து நின்றார். ஏணியைத் தேடவில்லை, அப்படியே சேற்றில் குதித்தார்.

"எழுந்திரு! உக்காராதே! இறங்கு, இறங்கி நட! தண்ணி வராது!"

அந்தக் குரலை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. எங்களோடு பேசுகிறபோது அவர் குரல் மீன் தராசு கிறீச்சிடுவதைவிட மெல்லியது. இது முகாமில் பையன்களை மிரட்டின குரலாக இருக்கவேண்டும். ஓடெல் வாயில் பிஸ்கட்டோடு சிரித்தார்.

"என்ன மேஜர், மடவை எங்க ஓடிடப்போகுது? நீங்களும் வாங்க, ஒண்ணு தின்னுங்க." அவர் டப்பாவை நீட்டினார்.

மேஜர் அவர் சட்டைக் கழுத்தைப் பிடித்து ஒரே இழுப்பில் படகுக்கு வெளியே போட்டார். ஓடெல் நல்ல கனம். சேறு தலைக்குமேல் தெறித்தது. டப்பா ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். அதற்குள் மேஜர் படகில் ஏறிவிட்டார். மடவைக் குவியலுக்கு நடுவே நின்று, வெறும் குறுக்குப் பலகைகளில் ஒவ்வொன்றாகக் குனிந்து, யார் தோளையோ பிடித்து உலுக்குவதுபோல் காற்றை உலுக்கினார். "எழுந்திரு. எழுந்திருடா. சொல்றேன்ல." ஒரு பலகை முடிந்து அடுத்த பலகை.

பட்டப்பகல். சூரியன் தலைக்குமேல் இருக்கிறது.

"பார்த்தியா?" என்றாள் ஆல்மா. "இன்னும் என்ன வேணும் உனக்கு? ஒரு ஆளையே அடிச்சாச்சு."

லியோட்டா கொடியிலிருந்து காய்ந்த கால்சட்டையை இழுத்துக் கையில் போட்டுக்கொண்டு ஏணி வழியாக இறங்கினாள். அவள் அவர் பின்னால் தண்ணீருக்குள் போனது அதுதான் முதல் தடவை. நானும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். சேற்றில் விழுந்து கிடக்கிறவர் என் புருஷன் ஆயிற்றே.

ஓடெலுக்கு ஒன்றும் இல்லை. எழுந்திருக்கத் தோன்றாமல் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார். லியோட்டா படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரை எழுப்பறீங்க?"

"இவங்களைத்தான்." அவர் அவளைப் பார்த்ததில் ஒரு வித்தியாசமும் இல்லை, கடைக்குப் போய்வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "உக்காந்தே இருக்காங்க லியோட்டா. எத்தனை தடவை சொல்றது? ஒருத்தனும் கேக்கமாட்டேங்கறான்."

"யார் உக்காரச் சொன்னது?"

அவர் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"நான்" என்றார்.

பிறகு அவர் சொன்னதை நான் மறக்கப் பார்த்தும் முடியவில்லை. பலகையில் உட்கார்ந்துகொண்டார். முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டு, ஓடெலைப் பார்த்தே சொன்னார். மனைவியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"பாறை விளிம்புல படகு தட்டிடுச்சு. கரை நல்லாத் தெரியுது. சுக்கான் பிடிச்ச பையன் கேக்கறான், 'சார், முன்கதவை இறக்கட்டா, நடந்துடறீங்களா?'ன்னு. நடந்திருக்கலாம். இடுப்பளவு தண்ணிதான். பக்கத்துப் படகுல இருந்தவங்கெல்லாம் இறங்கிட்டாங்க. நான் காத்தைப் பார்த்தேன். பின்கழுத்துல அடிக்குது, கடல்லேர்ந்து கரைக்கு. விடியறதுக்கு முன்னால இருந்தே அதே காத்து. நம்ம ஊர்ல அப்படி அடிச்சா என்ன அர்த்தம்?"

ஓடெல்தான் சேற்றில் இருந்தபடியே மெதுவாக, "தண்ணி வரும்" என்றார்.

"ஆமா. அதையேதான் சொன்னேன். 'உக்காருங்கடா, தண்ணி வரும். படகே கொண்டுபோய்க் கரைல விடும்'னேன். அங்க காத்துக்கும் தண்ணிக்கும் சம்பந்தமே கிடையாது ஓடெல். எல்லாம் நிலவுதான். எனக்குப் பாடமே நடத்தியிருந்தாங்க. எல்லாம் தெரியும். ஆனா அந்த நேரத்துல கழுத்துல அடிக்குது பாரு, அதைத்தான் நம்பினேன்."

"கில்பி?" என்றாள் லியோட்டா.

"மத்தவங்க நெளியறாங்க. வேற ஊர்ப் பசங்க. இறங்கி ஓடணும்னு இருக்கு அவங்களுக்கு. கில்பிதான் அடக்கினான். 'எங்க அத்தான் சொன்னா வரும்டா, தண்ணி விஷயத்துல அவர் தப்பினதே இல்ல'ன்னான். சொல்லிட்டுப் பையைத் திறந்து பிஸ்கட் எடுத்தான். நம்ம ஆளுங்க மாதிரியே. எனக்கும் ஒண்ணு நீட்டினான்."

காற்று அவர் தலைமுடியைக் கலைத்தது. அவர் அதை ஒதுக்கவில்லை.

"முதல் குண்டு பின்னால விழுந்துச்சு. அடுத்தது முன்னால. அப்பவாவது எழுந்திருன்னு சொல்லியிருக்கலாம். அடுத்தது எங்க விழும்னு ஒரு குழந்தைக்குத் தெரியும். நான் தண்ணியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அப்புறம் நான் தண்ணில கிடக்கறேன். எழுந்து பார்த்தா, பாதிப் பேர் உக்காந்தது உக்காந்தபடி இருக்காங்க. கில்பி உக்காந்திருக்கான். பிஸ்கட் கையிலயே இருக்கு. மிச்சம் இருந்தவங்களைக் கூட்டிக்கிட்டு நான் கரைக்கு நடந்தேன். அதுக்குத்தான் மெடல்."

லியோட்டா கையிலிருந்த கால்சட்டையால் அவரை அடித்தாள். மார்பில், தோளில், முகத்தில். சத்தம் போடவில்லை, அழவில்லை, துணி துவைக்கிற மாதிரி ஓங்கி ஓங்கி அடித்தாள். அவர் கையைத் தூக்கி மறைக்கக்கூட இல்லை. நான் தடுக்கப் போனேன். ஓடெல் என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். கடைசியில் கால்சட்டை அவள் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. அவள் மூச்சுவாங்க நின்றாள்.

"எங்க உக்காந்திருக்கான்?"

மேஜர் படகின் முன்முனையைக் காட்டினார். இடப்பக்கம்.

அவள் சுற்றிக்கொண்டு அங்கே போனாள். வெறும் பலகை. கொஞ்சம் மீன் செதில் ஒட்டியிருந்தது. அவள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு, சாப்பிட வராத பிள்ளையைத் திட்டுகிற குரலில் பேசினாள்.

"கில்பி. அத்தான் பேச்சை இனிமே கேக்காதே. அவருக்குத் தண்ணியைப் பத்தி ஒரு எழவும் தெரியாது. அக்கா சொல்றேன். எழுந்திரு. எல்லாரையும் எழுப்பிக் கூட்டிக்கிட்டு வா. சாப்பாடு ஆறுது."

சொல்லிவிட்டுக் கரையைப் பார்த்துத் திரும்பினாள். மூச்சை இழுத்துக்கொண்டு, அவள் பிறந்த வீட்டுக் கூப்பாட்டைப் போட்டாள். தந்தி வந்த நாளிலிருந்து பூட்டிவைத்த குரல், முதலில் கீறலாக வந்து, அப்புறம் திறந்துகொண்டது. நீளமாக ஏறி, வெளித்திட்டு வரை போய், கடைசியில் அப்படியே சட்டென்று இறங்கியது. துறைமேல் ஆல்மா எழுந்து நின்றுவிட்டாள். அவள் கையுறைக் கை வாய்மேல் இருந்தது.

மேஜர் முன்முனையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தலை மெல்ல நிமிர்ந்தது, எதிரே உட்கார்ந்திருந்தவன் எழுந்து நிற்கும்போது நம் தலை நிமிருமே அதுபோல. பிறகு முழங்கால்களைப் பக்கவாட்டில் ஒதுக்கிக்கொண்டார். குறுகலான படகில் ஒருத்தன் தாண்டிப் போகும்போது நாங்கள் எல்லோரும் அப்படித்தான் ஒதுங்குவோம். ஒதுங்கினவர் ஒதுங்கினபடியே வெகுநேரம் இருந்தார். சேற்றில் கிடந்த ஓடெலும் தன் காலை இழுத்து வழிவிட்டார். நான் பார்த்தேன். இன்றைக்குக் கேட்டால் இல்லவே இல்லை என்று சாதிக்கிறார்.

கரைக்கு வந்தபோது ஆல்மா ஏணித்தலைப்பில் நின்றாள். கண்மை வழிந்து கன்னமெல்லாம் கறுப்பாக இருந்தது. பாதிப் பேச்சாவது அவளுக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் அவள் ஆல்மா அல்லவா.

"துணிமணி எடுத்து வை. காலைல கார் வந்துடும்."

"கார் வரட்டும். நீ ஏறிக்கோ" என்றாள் லியோட்டா. "இவர் எங்கேயும் வரல."

"இதைக் கேட்டப்புறமுமா? ஓடெலை அடிச்சாரே, அது?"

"யார் அடிச்சாங்க?" என்றார் ஓடெல், தலையிலிருந்து சேறு வடிய. "நான் வழுக்கி விழுந்தேன். வயசாச்சு."

"லியோட்டா, இந்த மனுஷன் நம்ம தம்பியை..."

"தெரியும்க்கா. நானும் அங்கதானே நின்னேன். இவர் எனக்கு ஒரு தம்பியைத் திருப்பித் தரணும். ஆஸ்பத்திரில தோட்டத்துல உக்காந்துக்கிட்டு எப்படித் தருவார்? இங்கேயே என் கண்ணு முன்னால இருக்கட்டும்."

ஆல்மா மறுநாள் தனியாகப் போனாள். போகிறபோது என்னிடம் ஒரு கத்தியை வாங்கி ஒரே ஒரு மடவையைக் கீறிப் பார்த்தாள். சினை கிழியவில்லை.

அந்தக் குளிர்காலம் பக்கத்து வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. லியோட்டா சமைத்தாள், தட்டை அவர் முன்னால் வைத்தாள், உப்பு வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. அவர் விறகு பிளந்தார், வலை ஒட்டினார், அவள் போகிற வழியில் நின்றால் நகர்ந்துகொண்டார். எனக்கு இரண்டு பேர்மேலும் மாறி மாறிக் கோபம் வந்தது. ஓடெல் வாயில் எதுவும் தங்காது. கிறிஸ்துமஸுக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அதற்காக மேஜரை ஒருத்தரும் ஒதுக்கவில்லை. நம்மில் யார் அந்தப் படகில் இருந்தாலும் அதையேதானே சொல்லியிருப்போம் என்று ஒவ்வொருத்தருக்கும் உள்ளே இருந்திருக்கவேண்டும். சர்ச்சில் போர்வீரர்களை எழுந்து நிற்கச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, மேஜர் எழுந்திருக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கச்சான் அந்தக் குளிர்காலத்தில் பலமுறை வீசியது. அவர் ஒவ்வொரு முறையும் துறை நுனி வரை போவார், விலகின தண்ணீரைப் பார்ப்பார், நிற்பார். கீழே இறங்கவில்லை. லியோட்டா பின்னால் காய்ந்த கால்சட்டையோடு நிற்பாள், முன்பு போலவே. ஒருத்தரோடொருத்தர் பேசாமலே இரண்டு பேரும் வீட்டுக்குப் போவார்கள்.

வசந்தத்தில் ஒருநாள் ஓடெல் மறுபடி அதே இடத்தில் தரைதட்டினார். வழக்கம்போல எழுந்து தொப்பியை எடுத்தார். ஆட்டவில்லை. துறையைப் பார்த்தார், தொப்பியைத் தலையில் திரும்ப வைத்தார், நான் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னார், கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சேற்றில் இறங்கித் தள்ளத் தொடங்கினார். என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் செய்த பெரிய வேலை அதுதான். இப்போது எங்கள் குடாவில் எல்லோரும் இறங்கித்தான் தள்ளுகிறோம். யாரும் கூடிப் பேசி முடிவுசெய்யவில்லை. அந்தப் பழைய பேச்சும் வழக்கொழிந்துவிட்டது.

அன்றைக்குப் படகு அசையவில்லை. கனமான படகு. மேஜர் துறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏணி வழியாக, நிதானமாக இறங்கினார். போய்ப் பின்முனையில் தோளைக் கொடுத்தார். இரண்டு பேரும் முக்கி முனகி, ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டு, அங்குலம் அங்குலமாக, தண்ணீர் வற்றாத ஓடைப்பக்கம் நகர்த்தினார்கள். படகு மிதந்ததும் ஓடெல் தாவி ஏறிக்கொண்டு துடுப்பை எடுத்தார். மேஜர் ஏறவில்லை. முழங்கால் தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளித்திட்டைப் பார்த்து நின்றுவிட்டார். தலை மெல்லச் சாய்ந்தது.

என் பக்கத்தில் லியோட்டா கையில் கால்சட்டையோடு நின்றாள். அவள் தகரத்தட்டைத் தேடவில்லை. துறை நுனிக்குப் போய், மூச்சை இழுத்து, தன் பிறந்த வீட்டுக் கூப்பாட்டை அவர் பேர் சொல்லித் தண்ணீர்மேல் வீசினாள்.

"ஹா...ர்லன்!"

நீளமாக ஏறி, கடைசியில் அப்படியே சட்டென்று இறங்கியது. அது தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு திரும்பி, கரைக்கு நடந்து வந்தார்.